'ஏனுங்க' இல்லாத ஊர்

சித்திரை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அன்னூர்ப் பக்கத்துக் குடியானவர் ஒருவர் தம் மகளை அழைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். அந்தப் பெண் சில வருஷங்களுக்கு முன் என்னிடம் பௌதிகம் படித்தவள்; இப்போது கோயமுத்தூர்க் கலாசாலை ஒன்றில் பட்டம் வாங்கியிருக்கிறாள். அவர் சட்டைப் பையிலிருந்து நாலாய் மடித்த காகிதம் ஒன்றை எடுத்து, நிலப் பத்திரத்தை நீட்டுவது போல் இரண்டு கையாலும் நீட்டினார். சுவீடன் தேசத்து உப்சாலா சர்வகலாசாலையில் அவளுக்கு இடம் கிடைத்திருப்பதாக அதில் கண்டிருந்தது.

"ஏனுங்க வாத்தியாரய்யா, நீங்க அந்த ஊர்ல இருந்தவங்கதானுங்களே. புள்ளையை அனுப்பலாமுங்களா? தோப்பை ஈடு வெச்சாத்தான் ஆகுமுங்க" என்றார்.

ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடக்கூடிய கேள்வி அல்ல அது. காப்பி கொடுத்து அவர்களை உட்கார வைத்து, இரண்டு மணி நேரம் பேசினேன். அன்று பேசியதில் பெரும் பகுதியைத்தான் இங்கே எழுதுகிறேன். இதே மாதிரிக் காகிதத்தை மடித்து வைத்துக்கொண்டு யோசிக்கிற குடும்பங்கள் இன்று நம் ஜில்லாவில் பல இருக்கின்றன.

நான் உப்சாலாவுக்குப் போனது 2004-ஆம் வருஷம் ஆவணி மாதத்தில். ஊர்ப் பெயரைக் கேட்டதும் என் அப்பிச்சி, "உப்புச் சாலையா? தூத்துக்குடிப் பக்கமா?" என்று விசாரித்தார். இல்லை, அது பூமியின் மண்டை உச்சிக்குப் பக்கம் என்று பூகோளப் படத்தைக் காட்டினோம். கோயமுத்தூர் 11-ஆவது அட்சரேகையில் இருக்கிறது. உப்சாலா ஏறக்குறைய 60-ஆவதில். அப்பிச்சி படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அங்கே சோளம் விளையாதே" என்று மட்டும் சொன்னார்.

உப்சாலா, தலைநகரமான ஸ்டாக்ஹோமுக்கு வடக்கே ரெயிலில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவான தூரத்தில் உள்ள ஊர். நடுவே ஃபீரிஸ் என்று ஒரு சிற்றாறு. அங்குள்ள சர்வகலாசாலை 1477-ல் ஏற்பட்டது. வடபுலத்துத் தேசங்களில் அதற்கு மூத்தது வேறில்லை. பேராலயத்தின் கோபுரங்கள் ஏறக்குறைய 119 மீட்டர் உயரம். குன்றின்மேல் கோட்டை, அதன் அருகே குனில்லா என்று ஒரு மணி. காலை 6 மணிக்கும் இரவு 9 மணிக்கும் அது ஒலிக்கும். குழாய்த் தண்ணீர் நிலத்தடி மணல்மேட்டிலிருந்து எடுப்பது. சிறுவாணித் தண்ணீருக்கு அடுத்தபடி என்று அதைச் சொல்லலாம். இதற்கு மேல் புகழ்ந்தால் ஊரில் என்னைச் சேர்க்கமாட்டார்கள்.

மாணவர்களுக்கென்று கட்டிய உயரமான கட்டடங்கள் ஊருக்கு மேற்கே ஃப்லோக்ஸ்டா என்ற இடத்தில் வரிசையாக நிற்கின்றன. ஒரு தாழ்வாரம், அதில் 12 அறைகள், எல்லாருக்கும் பொதுவாக ஒரு சமையல் அறை. முதல் நாள் இரவு பெட்டியைக்கூடத் திறக்காமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். சரியாகப் பத்து மணிக்கு எங்கேயோ ஒருவன் அலறினான். அதற்குப் பதில்போல் எதிர்க் கட்டடத்தில் ஒருத்தி அலறினாள். அடுத்த கணம் நாற்புறமும் ஜன்னல்களிலிருந்து நூறு குரல்கள்! நெருப்போ கொலையோ என்று நான் தாழ்வாரத்துக்கு ஓடி வந்தேன். அங்கே ஒரு பெண் நிதானமாக ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். தினமும் இரவு பத்து மணிக்கு ஜன்னலைத் திறந்து கூச்சலிடுவது அவ்விடத்து மாணவர்களின் நெடுநாள் வழக்கமாம். பகலெல்லாம் வாய் திறவாத ஜனங்களுக்கு இரவில் ஒரு நிமிஷமாவது இது வேண்டியிருக்கிறது போலும் என்று எண்ணிக்கொண்டேன். இரண்டு மாதத்தில் நானும் கூச்சலிட்டேன். அது மிகவும் சௌகரியமாக இருந்தது.

சமையல் அறையில் குளிர்பெட்டியின் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு பெயர். உன் பால் உன்னுடையது. என் பால் என்னுடையது. வாரத்துக்கு ஒருவர் முறைபோட்டு அந்த அறையைத் துடைக்க வேண்டும். என் முறை வந்த வாரம் எனக்கு அது தெரியவே இல்லை. பட்டியல் சுவரில் இருந்தது. ஆனால் சுவரில் உள்ளதைப் படித்து வேலை செய்ய வேண்டும் என்பது எனக்குத் தோன்றவில்லை. எங்கள் வீட்டில் சாப்பிட்ட வட்டிலை நான் எடுத்து வைத்தது கிடையாது. அம்மா எடுப்பாள், அல்லது தங்கை எடுப்பாள். சனிக்கிழமை, ரொட்டிக்கு வெண்ணெய் தடவிய அந்தப் பெண் என் கதவில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தாள்: "இந்த வாரம் உன்னுடையது. அடுப்பு இன்னும் அழுக்காக இருக்கிறது." கோபமான வார்த்தை ஒன்றுகூட அதில் இல்லை. ஆயினும் என் ஆயுளில் அதைப் போல் வேறெந்தக் கடுதாசியும் என்னைச் சுட்டதில்லை.

1930-ல் ஸ்ரீ டி. எஸ். அவினாசிலிங்கம் தொடங்கிய, பெரியநாயக்கன்பாளையத்தில் உள்ள ராமகிருஷ்ண வித்தியாலயத்தைப் பற்றிச் சிறு வயதிலிருந்தே கேள்விப்பட்டிருக்கிறேன். தன் வேலையைத் தானே செய்துகொள்ள வேண்டும் என்பது அங்கே பாடத்தில் ஒரு பகுதி. நம் ஊரில் பத்து மைல் தூரத்தில் கிடைக்கும் அந்தப் படிப்பை ஆகாய விமானம் ஏறிப்போய்ச் சுவீடனில் கற்றுக்கொண்டவன் நான்.

துணி துவைப்பது ஒரு தனிச் சாஸ்திரம். கட்டடத்தின் அடித்தளத்தில் இயந்திரங்கள் உள்ள அறை இருக்கும். எந்த நாள், எந்த மணி என்று முன்கூட்டியே பதிவு செய்துகொள்ள வேண்டும். உங்கள் நேரம் முடிந்து ஐந்து நிமிஷம் துணியை எடுக்காமல் விட்டால் அடுத்தவர் அதை வெளியே எடுத்து வைத்துவிடுவார். பொதுவாகச் சண்டை போடாத அந்த ஜனங்கள் சண்டை போடுகிற ஒரே இடம் அதுதான் என்று அவர்களே வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வார்கள்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் நம் தாய்மார்கள் என்னை மன்னிக்கமாட்டார்கள். வியாழக்கிழமை தோறும் பட்டாணி சூப்பும், பிறகு தோசை போன்ற ஒரு பணியாரமும் உண்பது அந்நாட்டு வழக்கம். சூப்பில் பன்றி இறைச்சி இருக்கும் என்பதால் மரக்கறிக்காரர்கள் முன்பே கேட்டுக்கொள்வது நலம். ஃபில் என்று புளித்த பால் ஒன்று விற்கிறது. அதை ஒரு கரண்டி பாலில் உறை ஊற்றி, அறையைச் சூடாக்கும் குழாயின்மேல் வைத்தால் மறுநாள் தயிர் தயார். அரிசியும் பருப்பும் அயல்நாட்டார் கடைகளில் கிடைக்கும். முதல்முறை அரிசிம்பருப்புச் சாதம் செய்யப்போய், வரமிளகாயைக் காய்ந்த எண்ணெயில் போட்டேனோ இல்லையோ, கூரையில் இருந்த நெருப்பு மணி ஓலமிட்டது. தும்மிக்கொண்டு வந்த 11 பேரும் என்னைச் சுற்றி நின்றார்கள். பிறகு அவர்களில் நாலு பேர் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

இனி, இந்தக் கட்டுரையின் தலைப்புக்கு வருகிறேன். கொங்கு நாட்டில் பிறந்தவனுக்கு 'ங்க' என்பது மூச்சு மாதிரி. "ஏனுங்க", "சரிங்க", "வாங்க கண்ணு" என்று பால்குடி மறவாத குழந்தையையும் மரியாதையாக அழைத்துப் பழகியவர்கள் நாம். அங்கேயோ மரியாதைச் சொல் என்பதே வழக்கொழிந்து போயிற்று. ஒரு காலத்தில் அவர்களும் நமக்கு மேல் போனவர்கள்தாம்; எதிரே நிற்பவரை 'நீ' என்றோ 'நீங்கள்' என்றோ சொல்லத் துணியாமல், "பேராசிரியர் காப்பி சாப்பிடுகிறாரா?" என்று பட்டத்தைச் சொல்லிப் படர்க்கையில் கேட்பார்களாம். 1960-க்குப் பிந்திய வருஷங்களில் இது மளமளவென்று மாறியது. 1967-ல் அந்நாட்டு வைத்திய இலாகாவின் தலைவரான ப்ரூர் ரெக்ஸெட் என்பவர், தம் கீழுள்ள எல்லாரையும் 'டூ' என்றே அழைக்கப்போவதாகவும், அவர்களும் தம்மை அப்படியே அழைக்கலாம் என்றும் சொன்னது பிரசித்தம். 'டூ' என்றால் 'நீ'.

ஆகவே அறுபது வயதுப் பேராசிரியரை, முதல் நாள் கலாசாலைக்கு வந்த பையன் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான். எனக்கு நாக்குப் புரளவில்லை. மூன்று மாத காலம் என் ஆசிரியர் எவரையும் எந்தப் பெயராலும் நான் அழைக்கவில்லை. எதிரே போய் நின்று கனைப்பேன். ஒரு நாள் ஒருவர் சிரித்துக்கொண்டே, "என்னைப் பெயர் சொல்லி அழைக்காவிட்டால் உன்னை நான் 'கனவான்' என்று அழைப்பேன்" என்றார். அன்று கஷ்டப்பட்டுச் சொன்னேன். சொல்லும்போது உள்ளுக்குள் ஒரு 'ங்க' போட்டுக்கொண்டேன். காலையும் மாலையும் ஃபீகா என்று காப்பி வேளை உண்டு. பேராசிரியரும், மாணவனும், அறையைக் கூட்டுகிறவரும் ஒரே மேஜையில் உட்காருவார்கள். இந்த ஒன்று எனக்கு மிகவும் பிடித்திருந்தது. எந்த மரியாதைச் சொல்லும் இல்லாமலே ஒருவருக்கு மற்றவர் இடம் விட்டார்கள்.

பாடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும். பத்து மணிக்கு வகுப்பு என்று போட்டிருந்தால் பத்தேகாலுக்கு என்று அர்த்தம். சர்வகலாசாலைக் கால்மணி என்று இதற்குப் பெயரே உண்டு. முதல் வகுப்புக்குப் பத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே போய், காலி அறையில் இருபது நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். பரீட்சை பெரும்பாலும் நாலு ஐந்து மணி நேரம். நடுவில் வாழைப்பழமும் காப்பியும் சாப்பிட்டுக்கொண்டே எழுதலாம். தவறினால் மறுபடி எழுதலாம். அதில் அவமானம் ஒன்றுமில்லை. எத்தனையாவது இடம் என்று யாரும் கேட்பதில்லை. மதிப்பெண்ணுக்காகவே பிள்ளை வளர்க்கும் நம் வட்டாரத்திலிருந்து போனவனுக்கு இது விடுதலையாக இருந்ததா என்றால், இல்லை. யாரும் விரட்டாதபோது எப்படிப் படிப்பது என்பது எனக்குத் தெரியவில்லை. முதல் பரீட்சையிலேயே தவறினேன்.

மாணவர் வாழ்வின் மற்றொரு பாதி நேஷன்களில் நடக்கிறது. சுவீடனின் மாகாணப் பெயர்களைத் தாங்கிய 13 சங்கங்கள் இவை. பழையவை 17-ஆம் நூற்றாண்டில் தோன்றியவை. எந்த நாட்டுப்புறத்திலிருந்து வந்த மாணவனோ அந்த நாட்டுச் சங்கத்தில் சேர்வது ஆதி வழக்கம். கொங்கு மண்டலத்தை 24 நாடுகளாகப் பிரித்துப் பேசியவர்களின் வம்சத்தில் வந்த எனக்கு இது எளிதில் விளங்கிற்று. என் காலத்தில் ஏதாவது ஒன்றில் சேர்ந்தே தீர வேண்டும். 2010-ல் அந்தக் கட்டாயம் நீங்கியது. சமைப்பது, பரிமாறுவது, கணக்கெழுதுவது எல்லாம் மாணவர்களே. வாரம் இரண்டு மாலை அங்கே நான் பாத்திரம் கழுவினேன். அம்மாவிடம் மட்டும் 'அலுவல்' என்று சொல்லி வைத்திருந்தேன்.

ஐப்பசி பிறந்ததும் இருட்டு வந்துவிடுகிறது. குளிரைப் பற்றித்தான் எல்லாரும் பயமுறுத்துவார்கள்; குளிருக்குக் கம்பளிச் சட்டை உண்டு. இருட்டுக்குச் சட்டை கிடையாது. டிசம்பர் 21-ஆம் தேதி வாக்கில் காலை ஒன்பதுக்குச் சற்று முன் சூரியன் தலை காட்டும். பிற்பகல் மூன்று அடிப்பதற்குள் மறைந்துவிடும். வெயில்மானிக்குப் பெயர் கொடுத்த செல்சியஸ் இவ்வூர்க்காரர்தான். 1742-ல் தம் அளவுமுறையை வெளியிட்டபோது கொதிக்கும் நிலைக்கு 0 என்றும், உறையும் நிலைக்கு 100 என்றும் வைத்தாராம். பிற்பாடுதான் தலைகீழாக மாற்றினார்கள். என் மாணவர்களுக்கு இதைச் சொல்லும்போது சிரிப்பார்கள். தை மாதத்து உப்சாலாவில் நின்றவனுக்கு, குளிரத்தான் பெரிய எண் கொடுக்க வேண்டும் என்று தோன்றியதில் பிழை தெரியாது.

அந்தத் தை மாதத்தில் ஒரு நாள் காலை ஊரிலிருந்து தொலைபேசி வந்தது. அம்மிச்சி காலமாகிவிட்டாள். விமானச் சீட்டுக்கு என்னிடம் பணமில்லை. இருந்தாலும் எடுப்பதற்குள் போய்ச் சேர்ந்திருக்க முடியாது. மூன்று நாள் அறைக்குள் இருந்தேன். தாழ்வாரத்தில் நடமாட்டம் கேட்டது. ஒருவரும் கதவைத் தட்டவில்லை. எங்கள் ஊராக இருந்தால் மூன்று நிமிஷத்தில் முப்பது பேர் வந்து, "சாப்பிட்டயா கண்ணு?" என்று கேட்டிருப்பார்கள். இந்த ஊரில் நான் செத்தால்கூட முறைப் பட்டியலைப் பார்த்துத்தான் கண்டுபிடிப்பார்கள் என்று நினைத்தேன். ஊர் திரும்பிவிடுவது என்று முடிவு செய்து பெட்டியைக்கூட எடுத்து வைத்தேன்.

நாலாம் நாள் சமையல் அறைக்குப் போனபோது சீட்டு ஒட்டிய அந்தப் பெண் இருந்தாள். ஏதோ கேட்டாள், சொன்னேன். ஒன்றும் பேசாமல் இரண்டு கோப்பை காப்பி ஊற்றி, ஒன்றை என் முன் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். கால்மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தோம். அந்த வாரம் துடைக்கும் முறை என்னுடையது. மறுநாள் பட்டியலைப் பார்த்தேன். என் பெயரை அடித்துத் தன் பெயரை எழுதியிருந்தாள். கதவைத் தட்டாதது அவர்கள் மரியாதை என்று எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது. புரிந்த பிறகும் முழுவதும் ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை, இன்றும் வரவில்லை.

அந்நாட்களில் எனக்கு ஆறுதலாக இருந்தது நம்மவர் ஒருவரின் சரித்திரம். சென்னை ராஜதானிக் கலாசாலையில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர் 1930-ல் 19 வயதில் கேம்பிரிட்ஜுக்குக் கப்பல் ஏறினார். தாயார் அப்போதே நோயுற்றிருந்தார். போய்த்தான் ஆக வேண்டும் என்று மகனை வற்புறுத்தி அனுப்பியவரும் அவரே. மறு வருஷம் அவர் காலமானபோது மகன் ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் இருந்தார். 1932-ல் சந்திரசேகர் டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் நீல்ஸ் போரின் ஆராய்ச்சிக் கூடத்துக்குச் சென்று ஏறக்குறைய ஒரு வருஷம் தங்கினார். அங்கே அரும்பாடுபட்டு எழுதிய கட்டுரை ஒன்றில் பிழை இருப்பதை டிராக் கண்டு சொன்னதால், அதைத் திரும்பப் பெற்றுக்கொள்ள நேர்ந்தது. பிறகு தமக்கு உகந்த நட்சத்திரங்களிடமே திரும்பிவந்து, 1933-ல் டாக்டர் பட்டம் பெற்றார். அவர் தாய்நாட்டை மறுபடி கண்டது 1936-ல்தான். நோபல் பரிசு வாங்க அதே வடபுலத்து ஸ்டாக்ஹோமுக்கு 1983-ல் வந்தபோது அவருக்கு வயது 73. என் தவறிய பரீட்சையை இதோடு ஒப்பிடுவது அதிகப் பிரசங்கம் என்பது எனக்குத் தெரியும். இருட்டில் உட்கார்ந்திருப்பவன் எந்த விளக்கையும் தனக்கென்று எடுத்துக்கொள்வான்.

பெட்டியைத் திரும்ப அவிழ்த்தேன். பரீட்சையை மறுபடி எழுதினேன்.

மாசி கழிந்து வெளிச்சம் திரும்பியதும் லின்னேயஸின் தோட்டத்துக்குப் போவது வழக்கமாயிற்று. 1655-ல் ரூட்பெக் என்பவர் ஏற்படுத்தி, பிறகு தாவர சாஸ்திரி லின்னேயஸ் புதுப்பித்த தோட்டம் அது. அம்மா கடிதத்தோடு உலர்ந்த கறிவேப்பிலை அனுப்புவாள். அதை நான் எங்கள் பேராசிரியர் ஒருவரிடம் காட்டினேன். அவர் முகர்ந்து பார்த்துவிட்டு, தாவர நூல்களில் அதற்கு முர்ரயா கொனிகி என்று பெயர் வழங்குவதைச் சொன்னார். முர்ரே, கொனிக் இருவருமே லின்னேயஸிடம் பயின்றவர்கள்! கொனிக் 1768-ல் நம் தரங்கம்பாடிக்கு வைத்தியராக வந்து, தென்னாட்டுச் செடிகளை எல்லாம் ஆராய்ந்தவர். எந்த இலைக்காக நான் ஏங்கிக்கொண்டிருந்தேனோ, அதன் பெயரில் இந்த ஊரின் மாணவர் இருவர் ஒளிந்துகொண்டிருந்தார்கள்.

பண்டிகைகளைப் பற்றி விரித்தால் வளரும். டிசம்பர் 13-ல் லூசியா என்று தலையில் மெழுகுவத்திக் கிரீடம் சூடிய பெண்கள் வெள்ளை உடையில் பாடி வருவார்கள். கார்த்திகை தீபத்துக்கு அந்நாட்டுத் தங்கை என்று வைத்துக்கொள்ளலாம். ஏப்ரல் 30-ல் வசந்த விழா. காலையில் மாணவர்கள் தாமே கட்டிய ஓடங்களில் ஃபீரிஸ் ஆற்றில் மிதந்து பாதிப்பேர் கவிழ்வார்கள். பிற்பகல் மூன்று மணிக்கு, கரோலினா ரெடிவிவா என்னும் புத்தகசாலையின் முன் ஆயிரக்கணக்கானவர் ஒரே சமயத்தில் வெள்ளைக் குல்லாயை வீசுவார்கள். அன்று முன்பின் தெரியாதவர்கள்கூட என்னுடன் பேசினார்கள்.

இவ்வளவையும் கேட்ட பிறகு அன்னூர்க்காரர், "செலவு எவ்வளவுங்க ஆச்சு உங்களுக்கு?" என்றார். அதைச் சொல்லத்தான் எனக்குக் கூச்சமாக இருந்தது. என் காலத்தில் படிப்புக் கட்டணம் கிடையாது. ஒரு குரோனா அப்போது ஆறு ரூபாய். சாப்பாட்டுக்கும் வாடகைக்கும்தான் கடன் வாங்கினோம். ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் 2011 முதல் சுவீடன் கட்டணம் வாங்குகிறது. டென்மார்க் 2006-லும், பின்லாந்து 2017-லும், நார்வே 2023-லும் அவ்வாறே செய்தன. விஞ்ஞானப் படிப்புக்கு இன்று ஆண்டுக்கு ஒரு லட்சம் குரோனாவுக்கும் மேல். அதோடு மாதம் 10,000 குரோனாவுக்குக் குறையாமல் கைவசம் இருப்பதாகக் காட்டினால்தான் குடியிருக்க அநுமதி. குரோனா எட்டு ரூபாயைத் தாண்டிவிட்ட இந்நாளில், இரண்டு வருஷத்துக்கு 40 லட்சத்துக்குக் குறையாது. காகிதத்தில் கூட்டிக் காட்டினேன். அவர் இரண்டு தரம் கூட்டிப் பார்த்தார்.

என் அபிப்பிராயத்தை ஒளிக்கவில்லை. சர்வகலாசாலையே சிலருக்குக் கட்டணத்தைத் தள்ளிக் கொடுக்கிறது. அதற்கு மனுப் போட்டிருக்கிறாளா என்று பார்க்க வேண்டும். அது கிடைக்காவிட்டால் ஒரு வருஷம் பொறுப்பதில் குற்றமில்லை. எப்படியும் கிணறு உள்ள தோட்டத்தை ஈடு வைக்கக் கூடாது. படித்து முடித்ததும் வேலை நிச்சயம் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். "பொட்டப் புள்ளைன்னு பங்காளிக பேசறாங்க" என்றார். நள்ளிரவில் தனியாகச் சைக்கிளில் விடுதிக்குத் திரும்பும் பெண்களை இரண்டு வருஷம் தினமும் பார்த்தேன் என்று சொன்னேன். அது விஷயத்தில் எனக்குக் கவலை இல்லை.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அங்கே புள்ளையைச் சாப்பிட்டயான்னு கேக்க ஆளே இல்லீங்களா?" என்றார்.

"இல்லீங்க" என்றேன்.

அவர் மகளைப் பார்த்தார். அவள் இதுவரை ஒரு வார்த்தையும் பேசவில்லை. இப்போது கையிலிருந்த நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "துணி துவைக்கிற அறைக்கு எத்தனை நாள் முன்னாடி பேர் எழுதணுமுங்க?" என்று கேட்டாள்.

மனுப் போட்டிருக்கிறாள், பதில் இன்னும் வரவில்லை. அவர் திங்கட்கிழமை பாங்கிக்குப் போவதாகச் சொல்லியனுப்பினார். ஈடு வைப்பது தோப்பையா, ரோட்டோரத்துக் காட்டையா என்பதில்தான் வீட்டில் இன்னும் பேச்சு நடக்கிறதாம்.